தொண்ணூற்று மூன்று பொருத்தம்

காலை ஆறரை மணிக்குச் செவ்வந்தி, நீடாமங்கலம் வெண்ணாற்றங்கரைத் தெருவின் முதல் கிணற்றில் உப்புமானியை இறக்கினாள். திரையில் எண் ஆடி நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு மேலே இழுத்து, தோளில் தொங்கிய குடுவையின் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மறுபடி இறக்கினாள். துறை விதிப்படி ஒரு தடவை அளந்தால் போதும். ஆனால் ஒரே தடவை வந்த எண்ணை நம்பி ஒரு குடும்பத்தின் வாசலில் கைவைக்க அவளுக்கு மனம் வராது. "கழுவிக் கழுவி அளந்தா மட்டும் கடல் பின்னால போயிடுமா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். போகாது என்பது அவளுக்கும் தெரியும்.

கடல் திருவாரூரைத் தாண்டி வந்து இருபது வருடங்கள் ஆகிவிட்டன. அலையும் ஆர்ப்பாட்டமுமாக அது வருவதில்லை. முதலில் கிணறு உப்பாகும். பிறகு சுவர் பொரியும், தென்னை தலை சாயும். கடைசியில் ஏதோ ஒரு ஐப்பசி மழைக்குத் தெருவில் ஏறிய தண்ணீர் வடியாமலே நின்றுவிடும். அந்த நாளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று கணக்கிட்டு, டெல்டாவின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பலகை மாட்டியிருந்தார்கள். சட்டத்தில் அதற்குப் பெயர் நீர்க்கெடு. பலகையில் இரண்டு எண்வில்லைகள் செருகப் பள்ளம் உண்டு. ஆண்டுக்கொரு முறை கிணற்றை அளந்து அந்த வில்லைகளை மாற்றுவதுதான் செவ்வந்தியின் வேலை.

அன்று முதல் வீட்டில் பதினாறு பதினைந்தாகியிருக்க வேண்டும். கிணறு அதைப் பதினாலாக்கிவிட்டது. வீட்டுக்கார அம்மாள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கூட்டிப் போடக் கூடாதாம்மா? யாரு வந்து பார்க்கப் போறா?"

"ரெண்டு தடவை அளந்துட்டேன்க்கா."

"உன்னை யாரு ரெண்டு தடவை அளக்கச் சொன்னா?" என்று அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கெடு எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வில்லை மாற்ற வருபவளை வாசல் தாண்டி உள்ளே அழைப்பதும் வழக்கமில்லை. மோர் கொடுத்தாலும் படியோடு சரி. செவ்வந்தியும் கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லமாட்டாள். அவள் மறுபடி வருவதை யார்தான் விரும்புவார்கள்? பன்னிரண்டு வருட வேலையில் ஆயிரக்கணக்கான வீடுகளின் ஆயுள் அவளுக்கு அத்துப்படி. அவற்றில் ஒன்றின் அடுப்படி எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அவளுக்கென்று ஒரு வாசல் கிடையாது. அவளும் கணவன் பரிதியும் ஒன்பது வயது மகள் முல்லையும் மன்னார்குடியில் தூண்கள் மேல் நிற்கும் அரசுக் கால்வீட்டில், ஒற்றை அறையில் இருந்தார்கள். கீழே தண்ணீர், மேலே வாடகை. ஆறு வருடம் காத்திருந்த பிறகு அந்த மாதம்தான் முதல்மனை அனுமதி வந்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கையில் ஒரே முறை, கணவன் மனைவி இருவரில் ஒருவர் பெயரில் மட்டும் கிடைக்கும் அனுமதி அது. மாதக் கடைசிக்குள் வீட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வரிசை முதலிலிருந்து தொடங்கும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இப்போது வாங்குவதற்கே கல்யாணத்தைப் போலப் பொருத்தம் பார்க்க வேண்டியிருந்தது. கடன் வாங்கி முதல் வீடு வாங்கிய ஏழைபாழைகள் மூழ்கும் மண்ணில் ஏமாந்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் மனைப்பொருத்தம். கும்பகோணம் பொருத்தக் கூடத்தில் வாங்குபவர் தன் கைப்பட்டையைப் பொறியின் மேல் வைக்க வேண்டும். அவருடைய வேலை, வருமானம், குடும்பம், உடம்பு எல்லாம் அந்தப் பட்டையில் இருக்கும். வீட்டின் விலையும் கெடுவும் பொறியிடம் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்த ஆளுக்கு இந்த வீடு லாபமா என்று பொறி நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். அறுபதுக்குக் கீழே வந்தால் அரசுக் கடன் இல்லை. காரணம் கேட்கக் கூடாது, பொறியும் சொல்லாது.

அவர்கள் பார்த்துவைத்த வீடுகள் இரண்டு. ஒன்று அதே வெண்ணாற்றங்கரைத் தெருவில் பூட்டிக் கிடந்த வீடு. மூன்று அறை, நடுவில் முற்றம், பின்னால் இன்னும் உப்புக் கரிக்காத கிணறு, வாசலில் பதினாலு. இன்னொன்று தஞ்சாவூருக்கு அப்பால் வல்லத்து மேட்டில், ஆறாவது மாடியில், கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் போன்ற ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும். அதன் கெடு நூற்றுப் பதினெட்டு. ஆற்றங்கரை வீட்டுக்குக் கேட்பதைப்போல இரண்டரை மடங்கு விலை.

ஆற்றங்கரை முற்றத்தைப் பார்த்த அன்று செவ்வந்தி அதன் நடுவில் நின்று வானத்தைப் பார்த்தாள். பரிதி அந்த முகத்தைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு வல்லத்தைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை.

முதலில் பரிதியின் பெயரில் பார்த்தார்கள். தண்ணீர் இறைப்பான்களைப் பழுதுபார்க்கும் நிரந்தர வேலை அவனுக்கு. ஆற்றங்கரை வீட்டுக்கு முப்பத்தேழு வந்தது. வல்லத்துக்கு எழுபத்தொன்று. பரிதியின் முகம் தொங்கிவிட்டது.

தரகர் ஜபருல்லா அசரவில்லை. "தம்பி, முகத்தை ஏன் அப்படி வெச்சுக்கிறீங்க? தங்கச்சி பேர்ல போட்டுப் பாருங்க. இருபத்தஞ்சு வருஷமா பார்க்கிறேன், வீட்டுக்குப் பொம்பளை பேருதான் ராசி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம். பொறிகிட்ட ஒரு பொய்யும் எடுபடாது. ஆனா ராசி எடுபடும்."

செவ்வந்தி கைப்பட்டையை வைத்தாள். பொறி இரண்டு நொடி யோசித்தது. தொண்ணூற்று மூன்று என்று திரையில் எழுந்தது.

தொண்ணூறுக்கு மேல் வந்தால் கூடத்தில் மங்கள இசை ஒலிக்கும், கற்கண்டு கொடுப்பார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து செவ்வந்தியின் கையைப் பிடித்து, "உங்க ராசி எங்களுக்கும் ஒட்டட்டும்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பரிதி கற்கண்டை அவள் வாயில் போட்டான். "நாளன்னைக்குக் கையெழுத்து. முற்றத்துல உனக்கு ஒரு கயித்துக் கட்டில் வாங்கிப் போடுறேன்" என்றான். செவ்வந்தி அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் வேலைக்குப் போனபோதுதான் அது உறுத்தத் தொடங்கியது. ஒரே வீடு, ஒரே விலை, ஒரே குடும்பம். அவளுடைய சம்பளம் பரிதியுடையதைவிடக் குறைவு. வயதும் இரண்டுதான் குறைவு. முப்பத்தேழு எப்படித் தொண்ணூற்று மூன்றாகும்? பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் இப்படி எண் வந்தால் அவள் ராசி என்று விட்டுவிடுவாளா? உப்புமானியைக் கழுவி மறுபடி அளப்பாள்.

அன்று மத்தியானம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகக் கும்பகோணம் போனாள். கையெழுத்துக்கு முன் மூன்று மாதிரிப் பொருத்தம் பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கையில் தொண்ணூற்று மூன்று இருக்கும்போது யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. பொருத்த அலுவலர் ஃபிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயதுக்காரி. வேளாங்கண்ணி கடலுக்குள் போன பிறகு மேட்டுக்கு வந்த குடும்பம்.

"நேத்து பாட்டுப் பாடிச்சே, அவங்கதானே நீங்க? இன்னும் என்னம்மா சந்தேகம்?"

"சும்மா பார்க்கலாம்னு மேடம். அதே தெருவுல மூணு வீடு. எல்லாம் ஒரே ஆள் கட்டினது, ஒரே அளவு. கெடு மட்டும்தான் வேற. விலையும் கெடுவுக்குத் தகுந்தபடிதான்."

"தெருவையே மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்க."

"வில்லை போடுறவளே நான்தான் மேடம்."

ஃபிலோமினாவின் சிரிப்பு குறைந்தது. செவ்வந்தி கைப்பட்டையை வைத்தாள்.

முதலில் மேட்டுப் பக்கத்து வீடு, கெடு முப்பது. பொறி இருபத்துநான்கு சொன்னது. நீண்ட ஆயுள் உள்ள வீடு அவளுக்கு நட்டமாம். சரி, மலிவான வீடுதான் தனக்குப் பொருந்துகிறதோ என்று நினைத்து, ஆற்றை ஒட்டிய வீட்டைப் பார்த்தாள். கெடு ஏழு. ஐம்பத்திரண்டு. அதுவும் பொருந்தவில்லை. ஏழு போதவில்லை, முப்பது மிகுதி, பதினாலு ஏறக்குறையச் சரி.

மூன்றாவதைச் சொல்லுமுன் கைப்பட்டையைத் துடைத்து மறுபடி வைத்தாள். "கடைசி வீடு மேடம். பதினொண்ணு."

ஃபிலோமினா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "வேணாம்மா. நேத்து வந்த எண்ணு நல்ல எண்ணு. கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

"எனக்கு உரிமை இருக்கு மேடம்."

உரிமை இருந்தது. திரையில் தொண்ணூற்றெட்டு வந்தது. மங்கள இசை கூடம் முழுக்கப் பாடியது. யாரோ கைதட்டினார்கள். இந்த முறை செவ்வந்தி கற்கண்டை வாங்கவில்லை.

இன்னும் எத்தனை வருடம் ஒருவர் உயிரோடு இருப்பார் என்பது பொறிக்குத் தெரியும். கைப்பட்டை அதைச் சொல்லியிருக்கும். அதை அந்த மனிதருக்குச் சொல்வது குற்றம். ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அப்புறம்தான் ஆயுள் மறைப்புச் சட்டம் வந்தது. பொறி சட்டத்தை மீறவில்லை. எதற்கு எவ்வளவு லாபம் என்று மட்டும்தான் சொன்னது. தான் இல்லாத வருடங்களுக்கு விலை கொடுப்பது நட்டம். தான் இருக்கும்போதே வீடு முழுகினால் அதுவும் நட்டம். ஆளும் வீடும் சேர்ந்து முடிவதுதான் உத்தமப் பொருத்தம். பரிதிக்கு முப்பத்தேழு வந்ததும் இதனால்தான்; அவன் நெடுநாள் இருப்பான், ஆற்றங்கரை வீடு அதற்கு முன்பே முழுகிவிடும். பதினொன்றில் உச்சம். முப்பத்தொன்பது வயதுக்காரி, இரண்டு தடவை அளந்துவிட்டாள்.

"மேடம், நான் நினைக்கிறது சரிதானா?"

"பொருத்தம் சொல்றதுதாம்மா என் வேலை. காரணம் சொன்னா என் வேலை போயிடும்." ஃபிலோமினா தன் குடிதண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள். சற்றுக் கழித்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "கடைசியா எப்போ சிறுநீரக டாக்டரைப் பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

உப்பேறிய ஊர்களில் வெயிலில் பன்னிரண்டு வருடம் கிணறு கிணறாக அலைந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீரைக் குடித்தாள். அழுகை வரவில்லை. தெருத்தெருவாக இந்தச் செய்தியைக் கொண்டுபோய் வாசலில் செருகியவள் அவள். அந்த அம்மாள்கள் எப்படிப் படியில் நின்றார்கள் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்காரர்களுக்காவது வெளியே போக ஒரு வழி இருந்தது.

கையெழுத்து நாளன்று பரிதி வெளுத்த சட்டையில் வந்திருந்தான். கூடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவனை உட்காரவைத்தாள்.

"என்னங்க, ஆற்றங்கரை வீடு வேணாம். வல்லத்தை உங்க பேர்ல வாங்கிடலாம்."

"உனக்குப் பைத்தியமா? தொண்ணூத்து மூணை விட்டுட்டு எழுபத்தொண்ணா? அந்தப் பொட்டிக்குள்ள மூணு பேரு எப்படிம்மா படுக்கிறது?"

சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது. மூன்று வீடுகளையும் மூன்று எண்களையும் வரிசையாகச் சொன்னாள். பரிதி இயந்திரக்காரன், எண்களின் பேச்சு அவனுக்குப் புரியும். பதினொன்று என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் கையிலிருந்த டீ சாய்ந்து சட்டையில் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"பொறி தப்பாச் சொல்லியிருக்கும்" என்றான்.

"சொல்லியிருக்கலாம்."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போவோம். வைத்தியம் பார்ப்போம். போன மழைக்கு ரெண்டு கிணத்துல உப்பு குறைஞ்சுது, நானே ஒண்ணு கூட்டிப் போட்டிருக்கேன். எண்ணு ஏறவே ஏறாதுன்னு இல்லை. ஆனா வீடு இன்னைக்கு வாங்கணும்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்படின்னா ஆற்றங்கரையையே வாங்குவோம் செவ்வந்தி. நீ ஆசைப்பட்ட முற்றத்துல பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ காலை நீட்டிப் படு. அதுக்கு அப்புறம் நானும் புள்ளையும் எங்கேயாவது கிடந்துக்கிறோம். எனக்கு அந்த மேடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அதுதான் அவளைக் கலங்கடித்தது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தபடி அழுதார்கள். டீக்கடைக்காரர் பார்த்தும் பார்க்காதவர்போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொருத்தம் கூடாதவர்கள் அழுவது அவருக்குப் பழகிய காட்சி.

"முற்றம் எனக்குப் பிடிச்சுதுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் செவ்வந்தி. "ஆனா அந்த வாசல்ல வில்லை மாத்துறது யாரு? நான்தானே? வருஷா வருஷம் என் வீட்டு வாசல்ல நானே ஒண்ணொண்ணாக் குறைக்கணும். நீங்க உள்ளேர்ந்து பார்த்துக்கிட்டு இருப்பீங்க. முல்லையும் பார்த்துக்கிட்டு இருப்பா. வீட்டை எண்ணுறாளா, அம்மாவை எண்ணுறாளான்னு தெரியாம."

பரிதி தலை குனிந்துகொண்டான்.

"அப்புறம் ஒருநாள் வீடும் போயிடும். முல்லைக்கு அப்ப இருபத்து மூணு வயசு. உங்களுக்கு ரெண்டாவது முதல்மனை யாரு கொடுப்பா? பொறி எனக்கு லாபமான்னு மட்டும்தான் பார்க்குது. எனக்கு அப்புறம் யார் இருக்காங்கன்னு அது கேட்கவே இல்லை. கேட்காத பொறிக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?"

உள்ளே ஜபருல்லா தலையில் அடித்துக்கொண்டார். "தங்கச்சி, கிடைச்ச ராசியைக் காலால எத்துறீங்க" என்றார். ஃபிலோமினா வல்லத்து வீட்டைப் பரிதியின் பெயரில் பதிந்து, எழுபத்தொன்று என்று அச்சிட்டுக் கொடுத்தாள். அதற்கு இசை கிடையாது. செவ்வந்தி வாழ்க்கையில் வாங்கிய ஒரே வீட்டின் பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் கூடத்தை விட்டு வெளியேறும்போது ஃபிலோமினா எழுந்து நின்றாள். பத்திரம் வாங்கிப் போகிறவர்களுக்காக அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

புது வீட்டுக்குப் போன அன்று வல்லத்தில் நல்ல காற்று. வைத்தியம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. டாக்டர் எண் எதுவும் சொல்லவில்லை, மாத்திரை மட்டும் எழுதியிருந்தார். வல்லத்துப் பகுதி செவ்வந்தியின் வட்டம் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் கேட்டு, தன் வீட்டுப் பலகையைத் தானே மாட்ட அனுமதி வாங்கியிருந்தாள். பலகை வழக்கத்தைவிட அகலம். அதில் மூன்று பள்ளங்கள் இருந்தன. பன்னிரண்டு வருடத்தில் மூன்று வில்லைகளை ஒன்றாக அவள் கையில் எடுத்ததே இல்லை. ஒன்று, ஒன்று, எட்டு. ஒவ்வொன்றும் டக்கென்று உட்கார்ந்தது.

முல்லை கதவருகே வந்து எட்டிப் பார்த்து, "நூத்திப் பதினெட்டு" என்று உரக்கப் படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லக் கூடாதுல்லம்மா?"

"இதைச் சொல்லலாம். எவ்வளவு உரக்க வேணும்னாலும் சொல்லு."

"நூத்திப் பதினெட்டு!" என்று குழந்தை மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளே பரிதி எதையோ நகர்த்தும் சத்தமும், இடம் போதாமல் எதிலோ இடித்துக்கொண்ட சத்தமும் கேட்டன.

செவ்வந்தி திருகாணியை இறுக்கினாள். துணியால் பலகையை ஒரு தடவை துடைத்தாள். கருவிகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். பன்னிரண்டு வருடப் பழக்கம் காலில் இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் திரும்பி, படியில் ஓர் அடி கீழே வைத்துவிட்டாள்.

"எங்கம்மா போறே?" முல்லை மறுபடி வாசலில் நின்றாள். "உள்ள வாம்மா."

செவ்வந்தி படியிலேயே நின்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த வாசலிலும் அவள் கேட்காத வார்த்தை அது. பையை இறக்கி வெளியே சுவரோரம் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்குள் போனாள்.